வீட்டு ஆட்களை எழுதுவதில்லை

எங்கள் படகில் ஏறுகிறவர்களின் பெயர், வயது, ஊர், செல்பேசி எண் நான்கையும் எழுதுவது என் வேலை. கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதமே அந்த மேசையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். "கணக்குப் படிச்ச பிள்ளை, கையெழுத்தும் குண்டு குண்டா இருக்கு" என்றார் மாமா, என் கணவரின் அப்பா. அதிகாரிகள் யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு ஒரு பட்டியல் வேண்டும், அது வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

மாமா ஒற்றைப் படகில் தொடங்கியவர். இப்போது மூன்று லாஞ்சு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ், கடற்கரையை ஒட்டி இரண்டு மனைப்பிரிவு, நான்கு தண்ணீர் லாரி. ஊரில் எங்களை லாஞ்சு வீடு என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அலுவலகம், ஒரே கூடம். இடப்பக்கம் படகு மேசை என்னுடையது. வலப்பக்கம் மனை மேசை மூத்தாருடையது, அதாவது என் கணவரின் அண்ணனுடையது. என் கணவருக்கு மேசை கிடையாது. எஞ்சின் பார்ப்பதும் சாமான் வாங்க அலைவதும் அவர் பாடு.

நான் கடலாடிக்கு அந்தப் பக்கம், மிளகாயும் மானாவாரி நெல்லும் போடுகிற ஊரில் பிறந்தவள். கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்கியதில்லை. எனக்குக் கடலைப் பார்த்தால் இன்றுவரைக்கும் பயம்தான். அதனாலேயே பட்டியலை ஒழுங்காக எழுதினேன் என்று நினைக்கிறேன். ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போதும் எண்ணுவேன். டிரைவர் அண்ணன் கேலி செய்வார். "யம்மா, எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். நடுக்கடல்ல யாரையும் வித்துட்டு வரல."

ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டு வகை ஆட்கள் வரமாட்டார்கள்.

ஒரு வகை, மனை பார்க்க வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து வேனில் வருவார்கள். மனைப்பிரிவுக்குச் சாலை வழியாகப் போனால் உப்பாற்றைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் ஆகும், வழியெல்லாம் கருவேலங்காடு. கடல் வழியாகப் போனால் இருபது நிமிடம். அதனால் லாஞ்சில் இலவசமாக அழைத்துப் போய், மனைப்பிரிவுக்கென்றே கடலுக்குள் நீட்டிக் கட்டிய சிறு படகு மேடையில், ஜெட்டியில், இறக்கிவிடுவது வழக்கம். வண்ணக் கொடிகள், போன் நம்பர் எழுதிய நுழைவு வளைவு, பிரியாணி, பிறகு வேனில் திரும்பல். "கடலே உங்க கொல்லப்புறம் சார்" என்பார் மூத்தார். இவர்கள் விருந்தாளிகள், இவர்களிடம் போய் வயது என்ன என்று கேட்டு எழுதக் கூடாது. மனைப்பிரிவில் வேறொரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

இன்னொரு வகை, வீட்டு ஆட்கள்.

முதல் தடவை அத்தை படகில் ஏற வந்தபோது நான் பழக்கத்தில் அவர் பெயரை எழுதத் தொடங்கினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டு ஆளுகள எழுதாதத்தா."

"ஏன் அத்த?"

"நல்லபடியாப் போயி நல்லபடியா வந்துட்டா இந்த லிஸ்ட்ட யாரு எடுத்துப் படிக்கப் போறா? சொல்லு."

யாரும் படிக்கப் போவதில்லை. அந்தப் பட்டியல் படிக்கப்படுகிற நாள் எப்படிப்பட்ட நாளாக இருக்கும் என்பதை அத்தை வாயால் சொல்லவில்லை. வெற்றிலைக்கறைப் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் படகில் ஏறிவிட்டார். படித்த எனக்கு அது மூடத்தனம் என்று தெரியும். மகள் பிறந்து, அவளும் படகில் போகத் தொடங்கியபோது, அவள் பெயரை அந்தத் தாளில் எழுத வேண்டியதில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அத்தை சொன்னதால் எழுதவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அத்தை சொல்லாமல் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

மகளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. அந்த ஞாயிறு என் கணவர் எஞ்சின் சாமான் வாங்கத் தூத்துக்குடி போயிருந்தார். காலையிலிருந்தே பிள்ளை "பெரியப்பாகூடப் போறேன்" என்று என் முந்தானையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மூத்தாருக்கு அவள் மீது உயிர். தனக்குப் பெண் பிள்ளை இல்லை என்று இவளைத்தான் தூக்கிக்கொண்டு திரிவார். "அனுப்பு. பிரியாணி தின்னுட்டு வந்துருவோம். நீ என்ன, எப்பப் பாத்தாலும் பிள்ளைய அடைகாத்துக்கிட்டே இருக்க?" என்றார்.

அனுப்பினேன். சின்ன அளவு மிதவைச் சட்டையை நானே மாட்டி, வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். லாஞ்சில் சுற்றுலா ஆட்கள் ஒன்பது பேர், மனை பார்ட்டி பதினான்கு பேர். ஒன்பதை எழுதினேன். மூத்தார் மடியிலிருந்து பிள்ளை எனக்குக் கையாட்டியது.

ஒன்றரைக்கு லாஞ்சு திரும்பியது. மனை பார்ட்டியை இறக்கிவிட்டு, சுற்றுலா ஆட்களை ஒரு சுற்றுக் காட்டிவிட்டு, அதே ஜெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டு வந்திருந்தது. எண்ணினேன். ஒன்பது. தாளின் அடியில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை இறங்கவில்லைதான். பெரியப்பாவோடு சாப்பிட்டுவிட்டு வேனில் வரும் என்று இருந்தேன். போய்ச் சாப்பிட்டேன். இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது. அன்றைக்கு நண்டுக் குழம்பு, இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு மேல் மூத்தார் வந்தார். வேனில் இல்லை, தங்கள் காரிலேயே மனைப்பிரிவுக்கு வந்து மனை பிடித்துப்போன ஒரு தம்பதியோடு. அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு என் மேசைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பாப்பா தூங்கிட்டாளா?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "உங்ககூடத்தான அத்தான் வந்தா?"

"என்கூடவா? லாஞ்சுலயே போறேன்னு அடம்பிடிச்சா. ஓடு, டிரைவர் மாமாட்ட ஏறிக்கன்னு அனுப்பிவிட்டேனே."

"லாஞ்சுல வரல."

"வந்துருப்பா. நல்லாப் பாரு."

நல்லாப் பாரு என்றதும் நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். பிள்ளை காணாமல் போயிருக்கிறது, நான் தாளைப் பார்க்கிறேன். ஒன்பது பெயர்கள். ஒன்பது பேரும் வந்தாயிற்று. அந்தத் தாளின்படி யாரும் குறையவில்லை. மூத்தாரின் நோட்டின்படி பதினான்கு பேரும் வேனில் ஏறியாயிற்று. அவரிடமும் யாரும் குறையவில்லை.

டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டார்கள். "பாப்பா அண்ணன்கூட வேன்ல வருதுன்னுல்ல நெனச்சேன். ஜெட்டியில ரெண்டு நிமிசம் நின்னேன், யாரும் வரல, எடுத்துட்டேன்" என்றார். அப்படியென்றால் பிள்ளை வளைவிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது ஜெட்டியில் படகு இல்லை. ஜெட்டி மட்டும்தான் இருந்திருக்கிறது. அதற்குக் கைப்பிடிச்சுவர் கிடையாது. வரும் வருசம் கட்டுவதாக இருந்தார்கள்.

மனைப்பிரிவுக்குப் போன் போட்டார்கள். சமையல்காரர் எடுத்தார். பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டதாகவும், வண்டி பாதி வழி வந்துவிட்டதாகவும், அங்கே இப்போது ஒரு ஆளும் இல்லை என்றும் சொன்னார்.

டிரைவர் அண்ணன் லாஞ்சுக்கு ஓடினார். நானும் எழுந்து ஓடினேன். வாசலில் மாமா கையை நீட்டி மறித்தார். "நீ இங்கன இருத்தா. நீயும் போயிட்டா, போன் வந்தா யாரு எடுக்குறது?" அது சரி என்று எனக்குப் பட்டது. மாமா சொன்னால் எனக்குச் சரி என்றுதான் படும். நின்றுவிட்டேன். லாஞ்சு நானில்லாமல் போனது.

"மாமா, போலீசுக்குச் சொல்லிருவோம். கடலோரக் காவல்ல படகு இருக்கும்."

மாமா மனை பார்க்க வந்த தம்பதியைப் பார்த்துப் புன்னகை செய்து, லாட்ஜில் போய் டீ சாப்பிட்டு இளைப்பாறச் சொல்லி ஆள் போட்டு அனுப்பினார். கதவைச் சாத்தினார். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"போலீசு வந்தா மொதல்ல என்னத்தா கேப்பான்? லிஸ்ட்டக் கொண்டாம்பான். லிஸ்ட்டுல பிள்ளை இல்ல. பதினாலு பேரு இல்ல. லைசென்சு புதுப்பிக்கக் குடுத்து அந்தக் காயிதம் இன்னும் மேசை தாண்டல. இப்ப இதப் பதிஞ்சான்னா மூணு லாஞ்சும் ஓடாம கரையில நின்னுரும்."

"மாமா, பிள்ளை..."

"எனக்கும் பேத்திதானத்தா அவ? லாஞ்சு இருபது நிமிசத்துல அங்கன நிக்கும். போலீசு கெளம்பி வர அதுக்கு மேல ஆகும். அரை மணி நேரம் பொறு. அரை மணி நேரத்துல சேதி வரலன்னா நானே போடுறேன்."

கொண்டுவந்து வைத்த டீயை அவர் தொடவே இல்லை. இதை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் கல்மனசுக்காரர் இல்லை. அத்தை உள்ளே சாமி படத்தடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். மூத்தார் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே அழுதார். எல்லோரும் துடித்தார்கள். ஆனால் எல்லோரும் பொறுத்தார்கள்.

நானும் பொறுத்தேன்.

போன் என் கையில் இருந்தது. காவல்துறை எண்ணை அழுத்தி வைத்திருந்தேன். பச்சைப் பொத்தானை மட்டும் தொடவில்லை. திரை அணையும், மறுபடி தட்டி ஒளிர வைப்பேன். மாமா சொல்வதில் கணக்கு இருக்கிறது, லாஞ்சுதான் முதலில் போய்ச் சேரும் என்று ஒரு மனசு சொன்னது. போய்ச் சேரட்டும், அதனால் போலீசுக்குச் சொல்லக் கூடாது என்று எங்கே ஆகிறது என்று இன்னொரு மனசு கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம். ஒரு பிள்ளை தண்ணீரில் விழுந்தால் எவ்வளவு நேரம் என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போடத் தொடங்கியது, அதை நிறுத்த முடியவில்லை. மிதவைச் சட்டை போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பிரியாணி சாப்பிடும்போது அதைக் கழற்றியிருப்பார்கள் என்றும் நினைத்தேன். பன்னிரண்டு நிமிடம். அப்போதும் பொத்தானை அழுத்தவில்லை.

இடையில் மூத்தாரின் போன் அடித்தது. எல்லோரும் திரும்பினோம். எண்ணைப் பார்த்தவர், "தெரியாத நம்பர். இப்பப் போயி மனை கேக்குறானுக" என்று துண்டித்தார். திரும்ப அடித்தது. "வெச்சுத் தொலைங்கடா" என்று மறுபடி துண்டித்தார். மூன்றாவது முறையும் அடித்தது. லைனைக் காலியாக வைக்க வேண்டும் என்று போனையே அமைதியில் போட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எடுத்துப் பாருங்கள் அத்தான் என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இருபத்தாறாவது நிமிடம் டிரைவர் அண்ணன் மாமாவுக்குப் போன் செய்தார். பேச்சே வரவில்லை அவருக்கு. கடைசியில், "இருக்குய்யா, பாப்பா இருக்கு, முழுசா இருக்கு" என்றார்.

லாஞ்சு திரும்பி வந்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கியது நான் அறியாத ஒரு பெண். கடலில் மூழ்கிப் பாசி எடுத்து விற்கிற பெண். பாவாடைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, விரல்களில் துணி சுற்றி, தலை இன்னும் ஈரம். பிள்ளை அவள் கழுத்தை விடாததால் கூடவே வந்திருந்தாள். என்னிடம் நீட்டினாள். பிள்ளை முகமெல்லாம் உப்பும் சளியுமாக இருந்தது. என்னைக் கண்டதும் வீறிட்டது. வாங்கி மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் எங்கள் யாரையும் உட்காரச் சொல்லவும் விடவில்லை, கும்பிடவும் விடவில்லை.

"யாரு இங்கன மொதலாளி? ஜெட்டி ஓரத்துல காலத் தொங்கப்போட்டு உக்காந்துருக்கு பிள்ளை. தண்ணி ஏறிக்கிட்டு இருக்கு. நான் பாசி மூட்டையப் போட்டுட்டு ஓடுனேன். ஒரு எட்டு பிந்திருந்தா என்ன ஆயிருக்கும்? வளைவுல மாட்டுத்தல தண்டிக்குப் பெரிசா நம்பர் எழுதி வெச்சிருக்கீகளே, கூப்புட்டா ஒரு ஆளு எடுக்க மாட்டானா? மூணு தடவ கட் பண்றான்!"

மூத்தார் தன் போனை எடுத்துப் பார்த்தார். மூன்றும் அதே எண். அவர் அப்படியே வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

அத்தை உள்ளேயிருந்து பட்டுப்புடவை ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தப் பெண் அதைத் தொடவில்லை. "ஈரக்கை" என்றாள். "பாசி அங்கன கெடக்கு, தண்ணி இழுத்துட்டுப் போயிரும். கொண்டுபோயி விடுங்க." போகும்போது என் முன்னால் நின்றாள்.

"நீதான் பெத்தவளா?"

தலையாட்டினேன்.

"ஏத்தா, இம்புட்டு நேரம் என்னதான் செஞ்சுக்கிட்டு இருந்த?"

அவள் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் படகுக்குப் போய்விட்டாள்.

மாலையில் என் கணவர் வந்தார். யாரோ வழியிலேயே சொல்லியிருக்கிறார்கள். செருப்போடு உள்ளே வந்து, தூங்குகிற பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். பிறகு என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

"தெரிஞ்ச உடனே போலீசுக்குப் போட்டியா?"

"போட்டேன்" என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. யோசித்துத்தான் எல்லாம் செய்கிறவள் நான். உப்புப் போட்டோமா என்றுகூட மூன்று முறை யோசிப்பேன். இது மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

"என்ன சொன்னாங்க?"

"லைன் போகல. டவர் இல்ல. ரெண்டு மூணு தடவ போட்டுப் பாத்தேன்."

அவர் நம்பினார். அண்ணன் போனுக்கு மட்டும் எப்படி அழைப்பு வந்தது என்று கேட்கவோ, என் போனை வாங்கிப் பார்க்கவோ அவருக்குத் தோன்றவே இல்லை, என்மேல் அப்படிப்பட்ட நம்பிக்கை. நேரே கூடத்துக்குப் போனார். வாழ்நாளில் முதல் முறையாகத் தன் அப்பாவிடம் குரலை உயர்த்தினார்.

"இம்புட்டு வருசமா ஆபீசு நடத்துறீக. பெத்தவ போலீசுக்குப் போட்டா லைன் போகல. இங்கன ஒரு டவர் கெடைக்கிதான்னு யாராவது பாத்தீகளா?"

நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது உண்மை வந்துவிடும் என்று நினைத்தேன். நான் போடவில்லை என்பது மாமாவுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து அந்த அரை மணி நேரத்தையும் என்னோடு பார்த்தவர் அவர். பொறுக்கச் சொன்னவரும் அவர்தான். வந்துவிடட்டும் என்றுகூட ஒரு கணம் விரும்பினேன்.

மாமா மகனைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நெடுநேரம் இல்லை.

"ஆமாப்பா" என்றார். "மருமகப்புள்ள போட்டுச்சு. நானும் பாத்தேன். போகல."

அவர் எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த அரை மணி நேரம் என்று ஒன்று நடக்கவே இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒப்புக்கொண்டோம், அவ்வளவுதான் நடந்தது.

மறு வாரம், எல்லோரும் இருக்கும்போது, படகுத் துறைப் பொறுப்பு முழுக்க இனி சின்ன மருமகளுக்கு என்று மாமா அறிவித்தார். அத்தை ஆச்சரியப்பட்டார். மூத்தார் இப்போதெல்லாம் எந்த எண் வந்தாலும் முதல் மணியிலேயே எடுக்கிறார், பிள்ளையைத் தூக்குவதை மட்டும் விட்டுவிட்டார். பொறுப்பு வந்த அன்றே நான் ஏறுகிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதத் தொடங்கினேன். மனை பார்ட்டி, அத்தை, மாமா, டிரைவர், எல்லோரையும். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. முன்பே நான் எழுதியிருந்தாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்களோ என்று அப்போது தோன்றியது. அது இன்னும் மோசமாக இருந்தது.

என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறார். என் மனைவி விடாமல் போலீசுக்குப் போட்டாள், டவர் இல்லாமல் போய்விட்டது என்கிறார். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் இன்றிரவு சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். சொன்னால் மாமாவும் பொய்யர் ஆவார், அப்பாவும் மகனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து தொழில் பார்க்க வேண்டும், என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். உண்மையான காரணம் அதுவல்ல. அந்தப் பாசிக்காரப் பெண் கேட்ட கேள்வியை என் கணவரும் கேட்பார்.

போன வாரம் அவர் இராமநாதபுரம் போய் ஏதோ ஒரு கருவி வாங்கிவந்து, ஆளைக் கூட்டி அலுவலக மாடியில் கம்பம் நட்டு அதை மாட்டினார். கடலில் பாதி தூரம் வரைக்கும் சிக்னல் போகுமாம். வெயிலில் சட்டை நனைய, ஏணியிலிருந்து இறங்கி வந்து என் போனை வாங்கித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாத்தியா? நாலு கோடும் நிக்குது. இனிமே உனக்குப் பயமில்ல."

சரி என்றேன்.